அடுப்பங்கரையும் அருமைச் செல்வங்களும்

நெருப்பை வணங்கி வாழ்கின்ற மரபினர் நாம். விடியலில் அடுப்பு மூட்டுவதும் அந்தியில் விளக்கேற்றுவதும் இல்லறத்தின் இரு கண்களெனக் கருதப்பட்டு வந்துள்ளன. அடுப்பு எரியாத வீட்டை வறுமை குடிகொண்ட வீடு என்பர். விளக்கு எரியாத வீட்டைப் பாழ்மனை என்பர். ஆயினும் சோறு சமைத்துத் தரும் அதே நெருப்பு, கண்ணிமைக்கும் பொழுதினுள் ஒரு குழந்தையின் முகத்தையும் கரங்களையும் வாழ்நாள் முழுவதற்கும் மாற்றிவிட வல்லது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களால் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்விபத்துகள் பெரும்பாலும் நிகழுமிடம் வீதியன்று, தொழிற்சாலையன்று. அன்னையின் கைக்கெட்டும் தூரத்திலுள்ள சொந்த வீடேயாகும்.

கண்டி மாநகரிலிருந்து தென்னகும்புரப் பாலத்தைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் குண்டசாலையை அறிவர். மகாவலி வளைந்தோடும் தும்பறைப் பள்ளத்தாக்கிலே, 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னன் விரும்பி உறைந்த ஊர் இது. 'குண்டசாலை அரசன்' என்றே மக்கள் அவனை அழைத்தனர். மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்ணை மணந்த அவ்வரசனுக்குப் பின்னரே கண்டி அரியணை நாயக்க வமிசத்தாரின் கைக்குச் சென்றது. இன்றைய குண்டசாலையில் மூவகை இல்லங்களைக் காணலாம். புதிதாக எழுந்த மாடிவீடுகளில் எரிவாயு அடுப்பு உள்ளே இருக்கும். விறகடுப்புக் குசினி வெளிப்புறத்தில் இருக்கும். பழைய ஓட்டு வீடுகளில் ஒரே அடுப்பங்கரை. ராஜவெல, திகனைப் பக்கம் சென்றால் தோட்டத்து லயங்கள். இம்மூவகை இல்லங்களிலும் குழந்தைகள் உண்டு, நெருப்பும் உண்டு. இரண்டிற்கும் இடையே இருக்க வேண்டிய தூரந்தான் பல வீடுகளில் இல்லை.

பழமொழி தரும் பாடம்

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது" என்று நம் முதியோர் சொல்வதுண்டு. பூனைக்கு அது பொருந்தலாம். குழந்தை வளர்ப்பிற்கு இப்பழமொழியை வழிகாட்டியாகக் கொள்வது தகாது. "ஒருமுறை சுட்டால்தான் அறிவு வரும்" என்று கூறிச் சூடான பாத்திரத்தில் பிள்ளையின் விரலைத் தொடவைத்துக் 'கற்பிக்கின்ற' வழக்கம் இன்னும் சில குடும்பங்களிலே இருக்கின்றது. ஒன்றரை வயதுக் குழந்தை அதனால் கற்றுக்கொள்வது யாது? அந்தப் பாத்திரம் சுடும் என்பதை மாத்திரமே. பக்கத்திலிருக்கும் தேநீர்க் கோப்பையும் சுடும், அணைந்தது போலத் தோன்றும் சாம்பலும் சுடும் என்று ஒன்றிலிருந்து மற்றொன்றை உய்த்துணரும் ஆற்றல் அப்பருவத்தில் முதிர்ந்திராது. அன்றியும், குழந்தையின் தோல் பெரியோரின் தோலைவிட மெல்லியது. நமக்குச் சிறிது சுள்ளென்று படும் சூடு அதற்கு ஆழ்ந்த புண்ணாகிவிடும்.

ஆதலால் மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தையிடம் "தொடாதே" என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும், தொட முடியாதவாறு வீட்டை ஒழுங்கு செய்வதே அறிவுடைமை. அறிவுரை குழந்தைக்கு, ஒழுங்கு வீட்டிற்கு. முந்தியது பலிக்க ஆண்டுகள் ஆகும். பிந்தியது இன்றே பலிக்கும்.

விளக்கைத் திருத்திய வைத்தியர்

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே மிகச் சிறந்த சான்றொன்று உண்டு. மின்சாரம் எட்டாத இல்லங்களில் குப்பி விளக்கே ஒளி தந்த காலம் நெடுநாள் நீடித்தது. எறிந்துவிட்ட மருந்துக் குப்பியோ, சிறு தகரமோ, பழுதான மின்குமிழோ கிடைத்தால், அதில் மண்ணெண்ணெய் வார்த்துத் துணித்திரியொன்றைச் செருகிவிடுவார்கள். காசு செலவில்லை. ஆனால் அவ்விளக்கு உயரமானது, எடையற்றது, எளிதிற் கவிழ்வது. மூடி இறுக்கமின்றி இருப்பது. புத்தகத்தை எட்டி எடுக்கும் பிள்ளையின் முழங்கை பட்டால் போதும். விளக்குச் சாயும், எண்ணெய் சிந்தும், சிந்திய எண்ணெயோடு தீயும் பரவும். படிக்கின்ற பிள்ளைகளும் சமைக்கின்ற பெண்களும் இதற்கு இரையாயினர்.

சத்திரசிகிச்சை நிபுணராகிய வைத்தியர் விஜய கொடகும்புர இத்தகைய நோயாளரைத் தம் கையாலேயே பலமுறை பரிகரித்தவர். காயத்தை ஆற்றுவதோடு தம் கடமை முடிந்துவிட்டதென அவர் எண்ணவில்லை. 'கவனமாக இருங்கள்' என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்வதோடும் நின்றுவிடவில்லை. கவிழாத விளக்கொன்று இருந்தால் இக்காயமே நேராதல்லவா என்று சிந்தித்தார். மார்மைட் விற்கப்படும் குட்டையான, தடித்த போத்தலின் வடிவம் அவருக்கு வழிகாட்டியது. 1992 ஆம் ஆண்டளவில் 'சுதீபா' என்னும் பாதுகாப்பு விளக்கை அவர் வடிவமைத்தார். 'நல்ல விளக்கு' என்பது அப்பெயரின் பொருள்.

அவ்விளக்கின் நுட்பம் மிக எளியது. குட்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எளிதிற் சாயாது. இரு பக்கங்களும் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருண்டோடாது. கண்ணாடி தடித்ததாகையால் விழுந்தாலும் எளிதில் உடையாது. திருகி மூடும் உலோக மூடி இருப்பதால் எண்ணெய் வெளியே கொட்டாது. மிகக் குறைந்த விலைக்கு விற்கத்தக்க இவ்விளக்குகள் இலட்சக்கணக்கில் நாடெங்கும் பரவின. 1998 ஆம் ஆண்டில் இப்பணிக்காக அவர் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார்.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 'பிள்ளை தட்டிவிட்டது' என்று பிள்ளையைக் குற்றஞ்சாட்டினால் விபத்து மீண்டும் நிகழும். 'தட்டினால் கவிழும்படி விளக்கு இருந்தது' என்று பொருளின் மீது கண்ணைத் திருப்பினால் விபத்து நிற்கும். இந்த ஒரு நோக்கைக் கைக்கொண்டு நம் வீட்டைச் சுற்றிப் பார்ப்போமானால், திருத்த வேண்டியவை பல நமக்கே புலப்படும்.

இன்று மின்சாரம் ஏறத்தாழ எல்லா இல்லங்களையும் எட்டிவிட்டது. ஆயினும் புயல் மழையில் மின்கம்பி அறுந்தால் மெழுகுதிரியும் குப்பி விளக்கும் மறுபடி மேசைக்கு வந்துவிடுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டிப் பகுதியைத் தாக்கிய வேளையில் இதனை எல்லோரும் கண்டோம். இத்தகைய நாட்களுக்கென மின்கல விளக்கொன்றை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருப்பது நன்று. மெழுகுதிரியை ஏற்றத்தான் வேண்டுமெனில், அகன்ற தட்டில் மணலிட்டு அதன் நடுவே நிறுத்துக. திரைச்சீலைக்கும் நுளம்பு வலைக்கும் அருகே அதனை வையாதிருத்தல் வேண்டும். பிள்ளைகள் உறங்குமுன் அதனை அணைத்துவிடுவதும் இன்றியமையாதது.

அடுப்பைச் சுற்றி ஒரு வேலி

குளிர் நாடாகிய இங்கிலாந்திலே அறைகள்தோறும் கணப்பு எரிவது வழக்கமாயிருந்தது. அக்கணப்பில் விழுந்தும், அதன் பொறி உடையிற் பட்டும் எண்ணற்ற குழந்தைகள் மாண்டனர். இதனைக் கண்ட அந்நாட்டுப் பாராளுமன்றம் 1908 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்திலேயே ஒரு விதியைச் சேர்த்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தடுப்பு வேலியில்லாத கணப்புள்ள அறையில் விட்டு, அதனால் குழந்தை இறக்கவோ கடுங்காயமுறவோ நேர்ந்தால், பொறுப்பாளர் தண்டத்துக்கு உரியவராவர். 1952 இல் அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில், கணப்புக் கருவிகளைத் தடுப்பின்றி விற்கலாகாதென்றும் வேறொரு சட்டம் பிறந்தது.

நம் வீடுகளில் கணப்பு இல்லை, அடுப்பங்கரையே உண்டு. வேலி வேண்டுமென்ற விதி மட்டும் பொதுவானதே. அடுப்பங்கரை வாயிலில் இடுப்பளவு உயரமான மரப்படலொன்றைப் பொருத்தி, கொக்கியை மேற்புறத்தில் வைத்தால், தவழும் குழந்தையும் தளர்நடைக் குழந்தையும் உள்ளே வரமாட்டா. ஊர்த் தச்சரிடம் அரைநாள் வேலை அது. படல் போட வசதியில்லாத ஓரறை வீடாயின், அடுப்பைச் சுற்றி மூன்றடித் தூரத்திற்குக் கரிக்கோடொன்றை இழுத்து, 'இக்கோட்டைப் பிள்ளைகள் தாண்டலாகாது' என்னும் விதியை வீட்டார் அனைவரும் ஒருமுகமாகக் காக்கலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் கோடு கட்டி ஆடுபவர்கள். கோட்டின் பொருளை விரைவிலே அறிந்துகொள்வார்கள். அதனினும் சிறிய குழந்தைக்குக் கோடு பயன்படாது. சமையல் முடியும்வரை மற்றொருவர் மடியே அதற்கு இடம்.

தரையிலுள்ள மூன்று கல் அடுப்பே குழந்தைக்கு மிகவும் ஆபத்தானது. தீ நாற்புறமும் வெளிப்படும், பானை ஆடும், விறகின் நுனி தடுக்கும். இடுப்பளவு மேடை கட்டி அதன்மேல் அடுப்பை அமைப்பது முதற் சீர்திருத்தம். 1980களில் நம் நாட்டில் உருவாக்கப்பட்டுக் குயவர்களாற் செய்யப்படும் 'அனகி' என்னும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு விறகைச் சிக்கனப்படுத்துவதற்கென வந்தது. ஆயினும் தீயைத் தன்னுள்ளே அடக்கிக்கொள்ளும் அதன் அமைப்பு குழந்தைக்கும் நன்மையே. விறகின் நீண்ட முனை மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிராதபடி சிறிதாக வெட்டி வைத்தல் வேண்டும்.

ஈர விறகு பற்றாதபோது மண்ணெண்ணெயை அடுப்பினுள் ஊற்றும் பழக்கத்தை அறவே ஒழித்திடுக. தணலின்மீது விழும் எண்ணெய் ஆவியாகிக் குபீரெனப் பற்றும். தீ ஊற்றிய கையையே நாடி வரும். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து நிற்கும் பிள்ளை முதலில் அகப்படும். காய்ந்த தென்னம்பாளையும் சிரட்டையும் நம் ஊரில் பஞ்சமா? மழைக்காலத்துக்கென அவற்றைச் சேர்த்து வைத்தால் எண்ணெய்க்குத் தேவையே எழாது. மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் நிரப்பி வைப்பது மற்றொரு தீமை. தண்ணீரென நினைத்துப் பிள்ளை குடித்துவிடும். அவ்வாறு குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்தலாகாது. எண்ணெய் நுரையீரலுட் புகுந்துவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

வெந்நீரும் நெருப்பே

தீச்சுவாலை கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு நாம் அஞ்சுகிறோம். கொதிநீர் சுவாலையின்றிச் சுடுவதால் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சிறு குழந்தைகள் பெரும்பாலும் புண்படுவது சுடுநீராலும் தேநீராலும் குழம்பாலுமே. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில விநாடிகளில் குழந்தையின் தோலை வெந்துபோகச் செய்யும். நாம் அருந்தும் தேநீரோ கோப்பையில் வார்க்கும்போது அதனினும் சூடானது.

எழுந்து நிற்கக் கற்ற குழந்தை, தொங்குவது எதுவாயினும் பிடித்து இழுக்கும். மேசை விரிப்பின் நுனி, மின்சாரக் கேத்தலின் கம்பி, பாத்திரத்தின் கைப்பிடி ஆகிய மூன்றும் அதன் கண்மட்டத்தில் இருக்கின்றன. இழுத்த மாத்திரத்தில் கொதிப்பது முழுதும் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் கவிழும். ஆகவே குழந்தையுள்ள வீட்டில் மேசைவிரிப்பு வேண்டாம். கைப்பிடிகள் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். கேத்தலின் கம்பி மேடையின் பின்புறம் சுருண்டிருக்கட்டும். மடியிற் குழந்தையை வைத்துக்கொண்டு தேநீர் அருந்துவதைப் பாட்டிமாரும் தாத்தாமாரும் கைவிடுதல் வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் சூடான கோப்பை என்பது என்றும் பொருந்தாத இணை.

குளிப்பாட்டும் வேளையிலும் ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர், பின்னர் வெந்நீர். வெந்நீரை முதலில் வார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை வாளிக்குள் விழுகிறது. நீரின் இதத்தை முழங்கையால் சோதித்த பின்னரே குழந்தையை அதில் இறக்குக.

எரிவாயு வந்த பின்

புகையில்லாத அடுப்பு வந்ததும் அபாயமும் போய்விட்டதெனப் பலர் நினைத்தனர். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் எரிவாயு கசிந்து வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது அந்நினைவு கலைந்தது. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட நிபுணர் குழு, சிலிண்டரிலுள்ள புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகச் சுட்டியது. அடுத்த ஆண்டில் எரிவாயுவே கிடைக்காத நிலை வந்தது. நகர்ப்புறத்து இல்லங்களும் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பின. அடுப்பூதி அறியாத இளந்தாய்மார் மாடிவீட்டு முற்றத்தில் கல்லடுக்கிச் சமைத்த காலம் அது. ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயும் 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாயிற்று. எரிபொருள் மாறும்போதெல்லாம் வீட்டின் ஒழுங்கும் மாறுகிறது. பழகாத அடுப்பே பெரிய பகை என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்திற்று.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாது. தரையோடு தவழ்ந்து தாழ்வான இடங்களில் தங்கும். குழந்தை தவழும் உயரமும் அதுவே. வாசனை தெரிந்தவுடன் மின்சாரப் பொத்தானைத் தொடலாகாது. போடுவதும் அணைப்பதும் இரண்டும் பொறி எழுப்பும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு சன்னல்களைத் திறந்து, சிலிண்டரின் வாயை மூடுக. கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நுரையே போதும். நெருப்புக் குச்சியைக் கிழித்துப் பார்ப்பது வினையைத் தேடிக்கொள்வதாகும். இரவில் படுக்கப் போகுமுன் சிலிண்டரின் வாயை மூடுவதை விளக்கணைப்பது போன்ற வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வெடிப்புற்ற இறப்பர்க் குழாயை நாடா சுற்றி ஒப்பேற்றாது புதிதாக மாற்றுக.

நெருப்புப் பெட்டியும் சிறுவரும்

நான்கு வயதானதும் அபாயத்தின் தன்மை மாறுகிறது. இதுவரை நெருப்பினிடம் தவறிச் சென்ற குழந்தை, இனி நெருப்பைத் தேடிச் செல்லும். குச்சியை உரசினால் சுவாலை பிறக்கும் விந்தை எந்தப் பிள்ளையைத்தான் கவராது? அடித்து மிரட்டினால் ஆசை அடங்காது. கட்டிலுக்கடியிலும் மாட்டுக் கொட்டிலின் பின்புறத்திலும் ஒளிந்து தொடரும். அவ்விடங்கள் மிகவும் ஆபத்தானவை. ஆகவே நெருப்புப் பெட்டியும் லைட்டரும் பூட்டுள்ள உயரமான தட்டில் இருக்கட்டும். அதே வேளையில், விளக்கேற்றும் பொழுதில் பிள்ளையை அருகழைத்து, 'இது பெரியவர்களின் கருவி. எங்கேனும் கிடக்கக் கண்டால் எடுக்காமல் என்னிடம் வந்து சொல்' என்று அமைதியாக விளக்குக. கண்டு வந்து சொன்ன பிள்ளையைப் பாராட்டுக. ஒளிப்பதற்குக் காரணம் இல்லாத பிள்ளை ஒளிக்காது.

ஏழெட்டு வயதில் பெண்பிள்ளையைத் தேநீர் தயாரிக்கவும் உலை வைக்கவும் ஏவும் வழக்கம் நம்மிடையே உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே அடுப்பையும் பார்க்குமாறு அப்பிள்ளையிடம் ஒப்படைப்பது நியாயமன்று. சமையல் கற்பிக்கலாம், தாயோ தந்தையோ அருகில் நிற்க, கூந்தலை முடிந்து, உடலோடு ஒட்டிய பருத்தி ஆடை அணிவித்துக் கற்பிக்க வேண்டும். நைலோன், பொலியெஸ்டர் ஆடைகள் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அகலமான பாவாடையும் தொங்கும் தாவணியும் பருத்தியேயாயினும் விரைவில் பற்றும். ஆண்பிள்ளைக்கும் இப்பயிற்சி உரியதே; அடுப்பின் இயல்பை அறியாத ஆண்மகனும் நாளை ஒரு குழந்தைக்குத் தந்தையாவான்.

முற்றத்தில் குப்பை எரித்த இடத்தையும் மறவாதிருப்போமாக. தும்பறைப் பள்ளத்தாக்கில் காற்றடிக்கும் மாதங்களில் சருகுத் தீ பரவுவது எளிது. மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே தணல் மணிக்கணக்கில் உறங்கும். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது. எரித்து முடிந்ததும் நீரூற்றிக் கிளறி, மறுபடியும் நீரூற்றுவதே முடிவான அணைப்பு.

பண்டிகை நாட்களில்

நம் பண்டிகைகள் யாவும் நெருப்போடு தொடர்புடையன. தைப்பொங்கலன்றும் சித்திரைப் புத்தாண்டன்றும் முற்றத்தில் கல் வைத்துப் பால் பொங்கவிடுகிறோம். 'பொங்கலோ பொங்கல்' என்று பிள்ளைகள் சூழ்ந்து ஆரவாரிக்கும் கணமே பானை பொங்கி வழியும் கணமும் ஆகும். கோலத்தின் எல்லையைச் சற்றுப் பெரிதாக இட்டு, பிள்ளைகள் அக்கோலத்துக்கு வெளியே நிற்பதை மரபாக்கிவிட்டால் அழகும் கெடாது, காவலும் அமையும்.

தீபாவளியில் மத்தாப்பைக் குழந்தைக்கான விளையாட்டுப் பொருளென எண்ணிக் கொடுக்கிறோம். அதன் கம்பி நுனியிலுள்ள வெப்பம் 1,000 பாகை செல்சியஸையும் தாண்டும். அணைந்த கம்பியும் சிறிது நேரம் சுடும். எரிந்து முடிந்தவற்றை நீர் நிறைந்த வாளியில் போடுவதற்குப் பிள்ளைகளைப் பழக்குக. கார்த்திகை விளக்கீட்டின்போது அகல்களைப் பாவாடை விளிம்பு படாத திண்ணை மேலோ மதில் மேலோ வரிசையிடலாம். வெசாக் காலத்தில் அயலவரோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் கூடு கட்டுவர்; கடதாசிக் கூட்டினுள் மெழுகுதிரிக்குப் பதிலாகச் சிறு மின்குமிழை இட்டால் அழகு குறைவதில்லை.

ஒரே கூரையின் கீழ்

தோட்டத்து லயங்களின் நிலை தனியே கூறத்தக்கது. ஒரே முகட்டின் கீழே பல குடும்பங்கள். ஒரு காம்பராவில் பற்றிய தீ கூரை வழியே மறுகோடிவரை ஓடிவிடும். மலையகத்தில் இவ்வாறு லயங்கள் வரிசையாக எரிந்த செய்திகள் புதியனவல்ல. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும்போது பிள்ளைகளை அறையினுள் விட்டுக் கதவைப் பூட்டிச் செல்வது கொடிய அபாயம். கள்வனுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு, தீயின்போது குழந்தைக்குச் சிறையாகும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவோ, நம்பிக்கைக்குரிய அயல்வீட்டு ஆச்சியோ இருக்கையில் பூட்டை நாடலாகாது. தோட்ட நிருவாகங்களும், தனி வீடு கட்டித்தரும் பொறுப்புடைய அரசும், தீ பரவாத தடுப்புச் சுவர்களைப் பற்றி நினைப்பது அவசியம். தாயின் கவனம் ஒன்றே தீர்வாகிவிட முடியாது.

வெளியேறும் வழி எத்துணை முக்கியமென்பதைக் கும்பகோணம் உலகுக்குக் காட்டியது. 2004 ஜூலை 16 ஆம் நாள் அந்நகரின் பாடசாலையொன்றில் மதிய உணவுச் சமையற்கட்டிலிருந்து எழுந்த தீ, கீற்றுக் கூரையைப் பற்றி மாணவரைச் சூழ்ந்தது. குறுகிய வழியினால் தப்ப இயலாது 94 குழந்தைகள் மாண்டனர். சமையல் தீயும் எளிதிற் பற்றும் கூரையும் நெருங்கிய வாயிலும் ஒன்றுசேர்ந்த இடம் அது. இம்மூன்றும் நம் வீட்டில் எங்கே ஒன்றுசேர்கின்றன என்று ஒவ்வொரு தந்தையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நலம். இரும்புக் கம்பி பொருத்திய சன்னல்களும் இரவில் பூட்டிய கதவுகளுமுள்ள வீட்டில், திறப்பு எங்கே தொங்குகிறதென்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

தீயைக் கண்ட சிறுவர் பெரும்பாலும் ஓடுவதில்லை. கட்டிலின் கீழும் அலுமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வர். 'ஒளியாதே, வெளியே ஓடு; புகை இருந்தால் தவழ்ந்து செல்; முற்றத்துப் பலாமரத்தடியில் நில்; பொம்மைக்காகக்கூடத் திரும்பி வராதே' என்னும் நான்கு சொற்களை விளையாட்டாகவே பயிற்றலாம். மாதமொருமுறை ஒத்திகை பார்த்தால் அது மனத்தில் பதியும்.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது

எத்துணைக் காவலிருந்தும் விபத்து நேரலாம். அப்பொழுது முதற் சில நிமிடங்களில் நாம் செய்வதே காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கும். உடையிற் தீப்பட்ட பிள்ளை ஓடினால் தீ வளரும். நிலத்தில் கிடத்தி உருட்டுக. அல்லது தடித்த பருத்திப் போர்வையால் இறுகச் சுற்றித் தீயை அமர்த்துக.

பின்னர், சுட்ட இடத்தை ஓடும் குளிர்நீரின் கீழ் 20 நிமிடம் பிடித்திருத்தல் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். குழந்தை அழும், நம் மனம் பதறும், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடலாகாது. குழாய் இல்லையேல் குடத்து நீரைச் சிறிது சிறிதாக வார்த்துக்கொண்டேயிருக்கலாம். உடனே செய்ய இயலாமற் போனாலும் மூன்று மணி நேரத்திற்குள் இதனைச் செய்வது பயன் தரும். மற்ற உடலைத் துணியால் மூடிக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், அது புண்ணை மேலும் கெடுக்கும். பற்பசை, நெய், முட்டை வெண்கரு, மஞ்சள், மை ஆகியவற்றையும் பூசாதீர். அவை சூட்டை உள்ளே அடைப்பதோடு, வைத்தியர் காயத்தைக் காணவிடாமலும் செய்யும்.

வளையல், அரைஞாண், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் எழுமுன் கழற்றுக. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்காதீர். கொப்புளத்தை உடைக்காதீர். தூய மெல்லிய துணியால் தளர மூடி வைத்தியசாலைக்குச் செல்க. குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமும், முகம், கை, பாதம், மறைவிடம் ஆகியவற்றிலுள்ள எக்காயமும் வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியவையே. புகையைச் சுவாசித்த பிள்ளை நலமாகத் தோன்றினும் காட்டுவது அவசியம். 1990 என்னும் எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கண்டி தேசிய வைத்தியசாலையும், பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் நம் பகுதி மக்களுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. இவ்வெண்ணையும் தீயணைப்புப் படையின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, எழுத்தறிந்த பிள்ளையும் காணும் உயரத்தில் ஒட்டி வைப்பீராக.

காயம் ஆறிய பின்னும் கடமை எஞ்சியிருக்கிறது. தழும்புள்ள பிள்ளையை ஏளனத்திலிருந்து காப்பதும், அப்பிள்ளையின் தாயை 'நீ எங்கே போயிருந்தாய்?' என்ற கேள்வியால் வதைக்காதிருப்பதும் உறவினர்க்கும் அயலார்க்கும் உரிய அறம். ஓர் இல்லத்தின் நெருப்பை ஒருத்தி மாத்திரம் இருபத்துநான்கு மணி நேரமும் காத்து நிற்க முடியாது. படல் செய்யும் தந்தையும், தேநீர்க் கோப்பையை எட்ட வைக்கும் பாட்டனாரும், சிலிண்டரை மூடும் அண்ணனும் சேர்ந்தே அதைக் காக்க வேண்டும்.

இன்று மாலை விளக்கேற்றிய பின் ஒரு கால்மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து, அதன் கண்ணாற் குசினியைப் பாருங்கள். தொங்குவது எது, கவிழ்வது எது, சுடுவது எது என்று எண்ணுங்கள். மூன்றையேனும் இன்றே இடம் மாற்றிவிட்டுப் படுக்கைக்குச் செல்லுங்கள். நெருப்பு நம் இல்லங்களில் என்றும் இருக்கும். அது அடுப்பிலும் அகலிலும் மாத்திரமே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை.